செக்ரோல் பக்கம் சில கணினிகளுக்கு மட்டும் நெட் இல்லை, அவசரம்

கொழுந்துமலை:
அண்ணாமார், அக்காமார், கொஞ்சம் உதவுங்கள். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டக் கந்தோர். புது ரவுட்டர் போட்டு ஐந்து பிரிவுக்கும் தனித்தனி சப்நெட் (முகவரிக் கட்டு) பிரித்தேன். கணக்கெல்லாம் சரிபார்த்துத்தான் போட்டேன். ஆனால் செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவு) பிரிவில் சில கணினிகளுக்கு நெட்டும் இல்லை, சேர்வரும் இல்லை. அதே சுவிட்சில் இருக்கும் பக்கத்துக் கணினிக்கு நன்றாக வருகிறது. 10ஆம் திகதி சம்பளம், அதற்குள் செக்ரோல் முடிய வேண்டும். துரை (தோட்ட மேனேஜர்) கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன செய்யலாம்?

கம்பிவேலை:
என்ன ரவுட்டர்? வீலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது) போட்டிருக்கிறீர்களா, இல்லை எல்லாம் ஒரே சாதா சுவிட்சிலா? எந்தெந்தப் பிரிவு, ஒவ்வொன்றிலும் எத்தனை கணினி? ஐபி முகவரி கையால் கொடுத்ததா, டிஎச்சிபியா (ரவுட்டர் தானாகக் கொடுப்பது)?

ஊவாக்காற்று:
இது இடி வேலை என்று நினைக்கிறேன். ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிக்குப் பிறகு சுவிட்சில் சில போட்கள் (கேபிள் செருகும் துளைகள்) அரைகுறையாகச் செத்துப்போகும். விளக்கு எரியும், தரவு போகாது. கேபிளைக் கழற்றி வேறு போட்டில் போட்டுப் பாருங்கள். கந்தோரிலிருந்து தொழிற்சாலைக்கு வெளியால் செப்புக் கேபிள் ஓடுகிறது என்றால் அதை ஃபைபராக்கிவிடுங்கள். 100 மீட்டருக்கு மேல் செப்பு சரிவராது, இடியையும் அதுதான் உள்ளே கூட்டி வரும்.

மூன்றாம் அடுக்கு:
ஐபி, மாஸ்க் (கட்டின் அளவு), கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டர் முகவரி) மூன்றும் இல்லாமல் கேள்வி போடவேண்டாம் என்று இங்கே எத்தனை தரம் சொல்லியாயிற்று. "கணக்கு சரி" என்று நீங்கள் சொன்னால் போதுமா? அதைப் பார்ப்பவர்கள் அல்லவா சொல்ல வேண்டும். சப்நெட் பாடத்தை முதலில் ஒழுங்காகப் படித்துவிட்டு ரவுட்டரில் கை வையுங்கள் தம்பி.

கொழுந்துமலை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போச்சு. ரவுட்டர் மைக்ரோடிக். வீலான் இருக்கிறது, டிஎச்சிபிதான். போட் மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.
கணக்குப் பிரிவு 192.168.1.0/26
செக்ரோல் 192.168.1.64/27
தொழிற்சாலை 192.168.1.80/28
ஸ்டோர் 192.168.1.112/28
கமெரா 192.168.1.128/26
செக்ரோல் கேட்வே 65, தொழிற்சாலை கேட்வே 81.

லிந்துலை மழை:
வராத கணினிகளின் கடைசி எண் என்ன? வருகிற கணினிகளின் எண்ணையும் போடுங்கள். இரண்டு வகையும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா?

கொழுந்துமலை:
70, 74, 77 சரி. 83, 86, 90 வராது. ஃபோல்டர் பகிர்வு எல்லாவற்றுக்கும் இடையில் போகிறது அக்கா.

லிந்துலை மழை:
அப்போ சுவிட்சிலும் கேபிளிலும் பிழை இல்லை. /27 என்றால் 32 முகவரிக் கட்டு, /28 என்றால் 16. எண் கூடினால் கட்டு சிறுக்கும். செக்ரோல் 64இல் தொடங்கி 95 வரை போகிறது. தொழிற்சாலையின் /28, 80 முதல் 95 வரை. அதாவது செக்ரோலின் பின்பாதி முழுவதும் தொழிற்சாலைக்குள்ளும் கிடக்கிறது.

83இலிருந்து கேள்வி ரவுட்டர் வரைக்கும் போய்விடும். பதிலைத் திருப்பி அனுப்பும்போது ரவுட்டர் எந்த வழி இறுக்கமானது, அதாவது எது சிறிய கட்டு என்று பார்க்கும். /27ஐ விட /28 இறுக்கம், ஆகவே பதிலைத் தொழிற்சாலைப் பக்கம் அனுப்பும். அங்கே 83 என்று யாரும் இல்லை. செக்ரோல் கணினிகள் தங்களுக்குள் பேச ரவுட்டர் தேவையில்லை, அதனால்தான் ஃபோல்டர் மட்டும் வேலை செய்கிறது. 80க்குக் கீழே இருப்பவை தப்பிவிட்டன.

முதலில் செக்ரோலுக்கும் /28 போட்டு, இடம் போதாமல் பிறகு /27 ஆக்கியிருப்பீர்கள் போல. சிஸ்கோ ரவுட்டராக இருந்தால் இரண்டாவது முகவரியைப் போடும்போதே மோதுகிறது என்று மறுத்திருக்கும். மைக்ரோடிக் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

தொழிற்சாலையை 192.168.1.96/28க்கு நகர்த்துங்கள். 96, 16இன் மடங்கு, 111 வரை காலி. கேட்வே 97, கணினிகளுக்கு 98 முதல் 110 வரை. ஸ்டோரைத் தொட வேண்டாம். டிஎச்சிபி பூலையும் (அது கொடுக்கும் எண்களின் தொகுதி), ஃபயர்வோல் விதிகளில் 80/28 என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

கம்பிவேலை:
லிந்துலை சொன்னது சரி. ஆனால் இப்படி நறுக்கி நறுக்கி எதற்கு? 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் தனியார் பாவனைக்கென்று 10.0.0.0/8 முழுவதையும் ஒதுக்கியிருக்கிறது. 1,67,77,216 முகவரி. பிரிவுக்கு ஒரு /24 (254 பேருக்கு இடம்) கொடுங்கள். வீலான் 10க்கு 10.20.10.0, வீலான் 20க்கு 10.20.20.0 என்று வைத்தால் எண்ணைப் பார்த்ததுமே பிரிவு தெரியும். ஒரு பிரிவு வளர்ந்தாலும் இன்னொன்றின் மேல் ஏறாது.

மூன்றாம் அடுக்கு:
இது சோம்பேறித் திட்டம். 12 கணினிக்கு 254 முகவரியா? பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வெட்டினால் பிழையே வராது. தம்பி வரிசையாக வெட்டவில்லை, அதுதான் பிரச்சினை.

கம்பிவேலை:
வரிசையாகத்தானே வெட்டியிருக்கிறார்? இடையில் ஒன்று பெருத்ததும் எல்லாம் இடிந்தது. தனியார் முகவரிக்கு யாரும் காசு கேட்பதில்லை, எதைச் சேமிக்கிறோம்? /24 என்றால் ப்ரோட்காஸ்ட் (வலையில் எல்லாருக்கும் போகும் அழைப்பு) கூடும் என்றும் சொல்லாதீர்கள். அது கணினிகளின் எண்ணிக்கையால் கூடுவது, மாஸ்க்கால் அல்ல.

மூன்றாம் அடுக்கு:
நாளைக்குப் பத்துத் தோட்டங்களைத் தலைமைக் கந்தோரோடு இணைக்கும்போது ஆளாளுக்கு 10இல் தொடங்கினால் என்ன ஆகும்?

கம்பிவேலை:
தோட்டத்துக்கு ஒரு /16. 10.20.0.0/16 ஒன்று, 10.21.0.0/16 இன்னொன்று. தலைமைக் கந்தோர் ரவுட்டரில் தோட்டத்துக்கு ஒரே ஒரு வரி.

ஊவாக்காற்று:
ஒன்று சேர்க்கலாமா? 192.168.1.0ஐ விட்டு விலகுவது எப்படியும் நல்லது. வீட்டு ரவுட்டர்கள் பலதில் அதுதான் பெட்டியிலிருந்தே வருகிறது. துரை பங்களாவிலிருந்து விபிஎன் (இணையம் வழியே கந்தோர் வலைக்குள் வருவது) போட்டால் இரண்டு பக்கமும் ஒரே எண். சேர்வரைத் தேடும் கணினி பங்களாவுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆனால் சம்பளம் முடிந்த பிறகு மாற்றுங்கள், இப்போது வேண்டாம்.

கொழுந்துமலை:
96க்கு மாற்றினேன். செக்ரோல் எல்லாம் வந்துவிட்டது. லிந்துலை அக்காவுக்குப் பெரிய நன்றி. தொழிற்சாலைத் தராசுக் கணினி மட்டும் சேர்வரைப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்கிறேன்.

லிந்துலை மழை:
அதற்கு ஐபி கையால் போட்டிருப்பார்கள், பழைய கேட்வே 81 இன்னும் உள்ளே இருக்கும். 98க்கும் 110க்கும் இடையில் ஓர் எண்ணைக் கொடுங்கள், அதை டிஎச்சிபி பூலில் இருந்து விலக்கிவிடுங்கள். மாஸ்க் 255.255.255.240, கேட்வே 97. தொழிற்சாலைப் பிரின்டரிலும் இதையே பாருங்கள். அதில் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால் கணக்குப் பிரிவும் தன் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து கேட்வேக்கே அனுப்பாது.

வெலிமடைக்காரன்:
எனக்கும் இதே பிரச்சினைதான். கடையில் வைஃபை விட்டு விட்டு வருகிறது. என்ன செய்யலாம்?

கம்பிவேலை:
உங்களுடையது வேறு. புது இழை ஒன்று திறந்து ரவுட்டர் பெயர், ஐபி, மாஸ்க், கேட்வே நான்கையும் போடுங்கள், பார்க்கலாம்.