வளர்ந்த பிள்ளைகளோடு நகரத்தில் தங்க ஹோட்டல் எடுத்தவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பதிமூன்று, பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பெருநகரத்துக்குப் போவதென்றால் ஹோட்டல் பிடிப்பதுதான் பெரிய வேலை, டிக்கெட்டெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த வயசுப் பிள்ளைகளை ஹோட்டலில் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதே இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு இடத்தில் 12 தாண்டினாலே பெரியவர், இன்னொரு இடத்தில் 17 வரை குழந்தை. அதனால் புக் பண்ணும்போது வயதைச் சரியாகப் போடுங்கள், அதுவும் போய்த் தங்கும் தேதியில் என்ன வயது ஆகியிருக்குமோ அதை. ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அறையில் ஏற்கெனவே இருக்கிற கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொண்டால்தான் இலவசம், எக்ஸ்ட்ரா பெட் கேட்டால் தனிக் காசு. காலைச் சாப்பாட்டுக்கும் இவர்களுக்குப் பல இடங்களில் பெரியவர் கட்டணம்தான்.

அப்புறம் கட்டில். படத்தில் இரண்டு கட்டில் தெரிகிறது, நாலு பேர், சரியாகப் போச்சு என்றுதான் தோன்றும். ஆனால் ‘டபுள்’ என்று எழுதியிருக்கும் கட்டில் வழக்கமாக 135, 137 செ.மீ. அகலம்தான். இரண்டு பேர் படுத்தால் ஆளுக்கு 68 செ.மீ. வரும், கைக்குழந்தைத் தொட்டில் மெத்தையே 60, 70 செ.மீ. இருக்கும்! ஆறு வயதில் அண்ணனும் தங்கையும் ஒரே போர்வைக்குள் தூங்குவார்கள், பதினாறு வயதில் அது நடக்காது, நடக்கணும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது. சோஃபாவை விரித்துக் கட்டிலாக்கும் வகை என்றால் விரித்த பிறகு என்ன நீளம் என்று கேட்டே ஆகணும். என் பையன் ஆறடி, அதாவது 183 செ.மீ., எல்லா சோஃபாவும் அவனுக்குப் போதாது. ட்வின் என்றால் தனித்தனிக் கட்டில், டபுள் என்றால் ஒரே கட்டில், இதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இதையெல்லாம் பார்த்து இரண்டு அறையாக எடுத்தால் அடுத்த பிரச்சினை கதவு. கனெக்டிங் ரூம் என்றால் இரண்டு அறைக்கும் நடுவே உள்பக்கமாக ஒரு கதவு இருக்கும். அட்ஜாயினிங் என்றால் அடுத்தடுத்த அறை, அவ்வளவுதான், வெளியே வந்து வராண்டா வழியாகத்தான் போகணும். நாங்கள் கனெக்டிங் கேட்டு புக் பண்ணிய ஒரு ஹோட்டலில், ராத்திரி போய் இறங்கினால் ஒரு அறை நாலாவது மாடி, இன்னொன்று ஒன்பதாவது மாடி. ரிசப்ஷனில் இருந்த பெண் திரையைத் திருப்பியே காட்டினார், எங்கள் பெயருக்கு நேரே ‘கோரிக்கை’ என்று ஒரு வரி, உறுதி என்று எங்கேயும் இல்லை. அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன், ஹோட்டல் நிரம்பியிருந்தது. கணவரும் பையனும் மேலே, நானும் பெண்ணும் கீழே என்று பிரித்துக்கொண்டோம். ஆனால் முன்பதிவு வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டியது ஹோட்டலின் பொறுப்பு என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஹில்டன் குழுமம் 2021-லிருந்து கனெக்டிங் அறையை புக் பண்ணும்போதே உறுதி செய்துகொள்ளும் வசதி கொடுக்கிறது. மற்ற இடங்களில் நேராக ஹோட்டலுக்கே மெயில் போட்டு, ‘உறுதி’ என்ற வார்த்தையோடு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

அக்கா, கட்டில் கணக்கு அருமை. நான் குளியலறையைச் சொல்கிறேன், இதை யாருமே சொல்வதில்லை.

இப்போது நகரத்து ஹோட்டல்களில் அறை சின்னதாகத் தெரியக் கூடாது என்று குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே சுவருக்குப் பதில் கண்ணாடி வைக்கிறார்கள். சிலதில் உள்ளே திரை உண்டு, சிலதில் பனி படர்ந்த மாதிரி மங்கலான கண்ணாடி, விளக்கைப் போட்டால் ஆள் நிழல் அப்படியே தெரியும். தாழ்ப்பாளே இல்லாத தள்ளுகதவு இன்னொரு ரகம். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நாங்கள் தங்கிய ஒரு அறையில் ஒருத்தி குளிக்கப் போனால் மீதி மூன்று பேரும் லாபியில் போய் உட்கார்ந்திருந்தோம், தினமும். பெரியவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிப்போயிருந்தது, எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு இந்த வயதில் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு இடம் வேண்டும், நீச்சல் குளமும் மொட்டைமாடி உணவகமும் அதற்கு அப்புறம்தான்.

இப்போது ஹோட்டல் போட்ட படங்களை நான் பார்ப்பதே இல்லை, தங்கியவர்கள் எடுத்த படங்களில் குளியலறையைத் தேடிப் பார்க்கிறேன். டாய்லெட்டும் குளிக்கும் இடமும் தனித்தனியாக இருந்தால் அந்த ஹோட்டல் கொஞ்சம் தூரமானாலும் சரி, எடுத்துவிடுவேன். காலையில் நாலு பேர் கிளம்பும்போது அதன் அருமை தெரியும்.

* * *

தூரம் பற்றி ஒன்று. புக்கிங் தளங்களில் ‘மெட்ரோவுக்கு 400 மீட்டர்’ என்று வருவது பெரும்பாலும் வரைபடத்தில் நேர்கோடு போட்ட தூரம். நடுவில் ஒரு ரயில் பாதையோ ஆறோ இருந்தால் அதே 400 மீட்டர் ஒன்றரை கிலோமீட்டராகிவிடும். மேப்பில் நடக்கும் வழி என்று போட்டுப் பாருங்கள், தெருப்படமும் (ஸ்ட்ரீட் வியூ) பாருங்கள், கடைகள் இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா என்று. சின்னக் குழந்தை என்றால் எப்படியும் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போவோம். இவர்களை அப்படி வைத்திருக்க முடியாது. சாயங்காலம் தானாகக் கீழே இறங்கிப் போய் மூலைக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வர முடிகிற தெருவாக இருந்தால் பிள்ளைகளுக்கு அந்த ஊரே பிடித்துப் போகிறது. என் பையன் அப்படி ஒரு தடவை தனியாகப் போய்விட்டு வந்தபோது நடையே மாறியிருந்தது.

கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், நாலு பேருக்கு மேல் என்றால் பல ஊர்களில் ஒரே டாக்ஸியில் ஏற்ற மாட்டார்கள்.

* * *

சின்னச் சின்னது சில, செக்-இன் பண்ணும்போதே கேட்டு வாங்க வேண்டியவை. ஆளுக்கு ஒரு கீ கார்டு, ஏனென்றால் பல இடங்களில் கார்டைக் காட்டாமல் லிஃப்ட் நகராது. பழைய காந்தப் பட்டை கார்டை, மூடியில் காந்தம் வைத்த மொபைல் உறையோடு சேர்த்து வைத்தால் அழிந்துபோகும், கதவு திறக்காது. மினிபாரில், அதாவது அறையில் விலைக்குப் பானமும் தின்பண்டமும் வைத்திருக்கும் குட்டி ஃப்ரிட்ஜில், சில ஹோட்டல்கள் சென்சார் வைத்திருக்கின்றன, எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் பில்லில் ஏறும், பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லை பூட்டிவிடச் சொல்லுங்கள். ஜிம்முக்கு 16, 18 என்று வயது வரம்பு இருக்கும். வைஃபையில் ஒரு அறைக்கு இத்தனை கருவிதான் என்று கட்டுப்பாடு இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு அறை எடுப்பவர்களுக்கு: ஒவ்வொரு அறையையும் ஒரு பெரியவர் பெயரில் பதிவு பண்ணுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் போட்டு, ஒன்றில் பிள்ளைகள் மட்டும் என்றால் சில இடங்களில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி, குளியலறை விஷயத்தை உடனே குறித்துக்கொண்டேன். இந்தத் தடவை மூன்று ஹோட்டல்களைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தோம், பணம் இவ்வளவுதான், இதற்குள் நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று. பெண் விமர்சனங்களைப் புதிது முதல் பழையது என்று வரிசைப்படுத்தி உட்கார்ந்து படித்தாள், எதிரே கட்டட வேலை நடக்கிறது, காலை ஏழு மணிக்கே துளை போட ஆரம்பிக்கிறார்கள் என்று போன வாரம் தங்கிய ஒருவர் எழுதியிருந்ததை எடுத்துக் காட்டினாள். நானும் கணவரும் அந்த ஹோட்டலைத்தான் எடுப்பதாக இருந்தோம், உடனே அதை விட்டுவிட்டோம். இப்போது இரண்டு படுக்கையறை உள்ள சர்வீஸ் அப்பார்ட்மென்ட் (ஹோட்டல் மாதிரி நாள் கணக்கில் வாடகைக்கு விடும் வீடு) ஒன்று பையன் பட்டியலில் முதலில் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் தங்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், ரிசப்ஷனில் ராத்திரியும் ஆள் இருப்பார்களா, துணி துவைக்கும் மெஷின் வீட்டுக்குள்ளேயே இருக்குமா அல்லது கீழே பொதுவாகவா?