விபத்தைத் திரும்பத் திரும்ப நினைப்பதால் பக்குவம் வருமா?

கேள்வி:
சாலை விபத்தில் சிக்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. உடற்காயங்கள் ஆறிவிட்டன, ஆயினும் அந்தச் சில நொடிகள் பல் துலக்கும்போதும் படுக்கும்போதும் அழையாமலே கண்முன் வந்து நிற்கின்றன. துன்பத்தைப் பற்றிச் சிந்திக்கச் சிந்திக்க மனம் பக்குவப்படும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கோ களைப்புதான் மிஞ்சுகிறது. நான் சிந்திக்கும் முறையில் பிழை உள்ளதா?

மறுமொழி 1:
பிழை உங்களிடம் இல்லை. அந்தக் கட்டுரை இரு வேறு செயல்களை ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி (பெருந்துன்பத்திற்குப் பின் மனம் பக்குவப்படுவது) என்ற கருத்தை 1990களில் முன்வைத்த உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும், தாமாக வந்து புகும் நினைவுகளையும், ‘இதனால் என் வாழ்வில் எது மாறியது?’ என்று நாமே முனைந்து எண்ணுவதையும் வேறுபடுத்தியே பேசினர். அவர்களுடைய விளக்கத்தின்படி, வளர்ச்சியைத் தருவது அதிர்ச்சி அன்று. கவனமாக இருந்தால் தீங்கு நேராது என்பன போன்ற நம்பிக்கைகள் இடிந்தபின் அவற்றை வேறு விதமாகக் கட்டியெழுப்பும் உழைப்பே அதைத் தருகிறது. நீங்கள் விவரிப்பது முதல் வகை. அது தொடக்கத்தில் இயல்பானதுதான் என்றாலும், ஓராண்டு கடந்தும் தணியவில்லை என்பதால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்ப்பது நல்லது. அதற்குப் பயன்தரும் சிகிச்சைகள் இருக்கின்றன.

மறுமொழி 2:
ஓர் எச்சரிக்கை. இந்த வளர்ச்சியை அளக்க டெடெஸ்கியும் கால்ஹூனும் 1996இல் வெளியிட்ட அளவுகோலில் உள்ள 21 கூற்றுகளும், தாம் எவ்வளவு மாறியதாக ஒருவர் கருதுகிறார் என்பதையே கேட்கின்றன. உளவியலாளர் பாட்ரீசியா ஃப்ரேசியர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை அதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தபோது, அவர்கள் உணர்ந்ததாகச் சொன்ன வளர்ச்சியும் உண்மையில் அளவிடப்பட்ட மாற்றமும் பெரிதும் பொருந்தவில்லை. ‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்பது சில வேளைகளில் வலியைத் தாங்கிக்கொள்ள நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதலாகவும் இருக்கலாம். (அதில் குற்றம் ஒன்றும் இல்லை.) புண் ஆறுவதற்குள் ‘என்ன கற்றாய்?’ என்று கேட்கும் உறவினர்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

மறுமொழி 3:
வேறொரு இழப்பிற்குப் பின், என் ஆலோசகர் சொன்னபடி நாளுக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் எழுதினேன். முதல் இரண்டு நாள்கள் மனம் இன்னும் கனத்தது. நடந்ததை வரிசையாகச் சொல்வதை விட்டு, அதன்பின் எவற்றை அஞ்சித் தவிர்க்கிறேன் என்று எழுதத் தொடங்கிய பிறகே சற்றுத் தெளிவு வந்தது. நினைவுகள் நின்றுவிடவில்லை, வந்தாலும் அன்றைய வேலை கெடுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
தவிர்ப்பவற்றை எழுதிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆலோசகரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டியலையும் எடுத்துச் செல்கிறேன்.