சூடெப் (வலிப்பு நோயாளிகளின் திடீர் மரணம்) தொடர்பான மூளை ஸ்கேன் ஆய்வு: சென்னையில் எங்கே?

தம்பிக்கு 24 வயது, பெரம்பூரில் இருக்கிறோம். 2022 முதல் வலிப்பு. பெரும்பாலும் விடியற்காலைத் தூக்கத்தில்தான் வரும்; உடம்பு முழுக்க வெட்டி, குப்புறக் கிடப்பான். லெவெடிராசிட்டம், வால்ப்ரோயேட் ரெண்டும் வேளை தவறாமல் போட்டும் நிற்கவில்லை. 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ., வீடியோ ஈ.ஈ.ஜி. எடுத்தாயிற்று. ஸ்கேன் நார்மலாம். அம்மா அவன் முதுகில் கை வைத்தபடியேதான் தூங்குகிறார்.

இரவு வலிப்பு அடங்காதவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து, அதாவது சூடெப், அதிகம். அப்படி இறந்தவர்களின் பழைய எம்.ஆர்.ஐ.யில் மூளையின் தாலமஸ், அமிக்டலா பகுதிகளின் அளவு மாறியிருந்ததை லண்டன் ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். தனி ஆளுக்கு அது ஜோசியம் சொல்லாது, சரி. ஸ்கேன் சென்டரில் கேட்டால் அப்படி அளந்து தருவதில்லை என்று கையை விரிக்கிறார்கள். தம்பியின் எம்.ஆர்.ஐ. பதிவான சிடி (டிஸ்க்) கையில் இருக்கிறது.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நோயாளிகளைச் சேர்க்கும் இடம் சென்னையில் யாருக்காவது தெரியுமா?