1986 ஆறாவது ஆட்டம்: பழி பக்னருக்கா, மேனேஜருக்கா?

சீமைக்கருவேலம்:
நேத்து ராத்திரி 1986 பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டத்தை முழுசா உட்கார்ந்து பார்த்தேன். பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் மெட்ஸும். ஏழு ஆட்டத்துல நாலு ஜெயிச்சா கோப்பை. பாஸ்டன் ஏற்கெனவே மூணு ஜெயிச்சாச்சு. பத்தாவது இன்னிங்ஸ், 5-3 முன்னிலை, மெட்ஸ்ல ரெண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தர் அவுட்டானா கதை முடிஞ்சுது. பேஸ்ல, அதாவது ரன் எடுக்க ஓடித் தொடுற முனைகள்ல, ஈ காக்கா இல்ல. மெட்ஸோட சொந்த மைதானமான ஷியா ஸ்டேடியம் ஸ்கோர்போர்டுலயே பாஸ்டனுக்கு வாழ்த்துச் செய்தி ஒரு கணம் வந்துட்டுப் போச்சு. அங்கிருந்து தோத்தாங்க. கடைசியா மூக்கி வில்சன் அடிச்ச பந்து சும்மா உருண்டு வருது. முதல் பேஸ் பக்கம் நின்ன பாஸ்டனோட பில் பக்னர் குனியறார், பந்து கால் இடுக்குல புகுந்து போயிடுச்சு. ஸ்கூல் பையன் பிடிப்பான் அதை. ஆனா இப்ப எங்க பார்த்தாலும் "ஐயோ பாவம் பக்னர்". எதுக்குப் பாவம்?

கணக்குப்பிள்ளை:
முழுசா பார்த்தேன்னு சொல்றீங்க, சந்தோஷம். பந்து கால் இடுக்குல போனப்ப ஸ்கோர் என்ன சார்?

சீமைக்கருவேலம்:
5-5. அதனால?

கணக்குப்பிள்ளை:
அதனாலதான் எல்லாமே. பாஸ்டன் முன்னிலையில இருக்கும்போது அவர் விட்டாருன்னுதான் முக்கால்வாசிப் பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அந்த முன்னிலை அதுக்கு முன்னாடியே காலி. வரிசையாப் பாருங்க. ரெண்டு அவுட்டுக்கு அப்புறம் கேரி கார்ட்டர் ஒரு ஹிட், கெவின் மிட்செல் ஒரு ஹிட். ரே நைட்டுக்கு ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்தாச்சு, இன்னும் ஒண்ணு விழுந்தா கோப்பை பாஸ்டனுக்கு. அவரும் அடிச்சார், 5-4. அப்பதான் கால்வின் ஷிரால்டியை எடுத்துட்டு பாப் ஸ்டான்லியைப் பந்து போட விட்டாங்க. அவர் போட்ட வைல்ட் பிட்ச்ல மிட்செல் ஓடி வந்து 5-5. இதுல எந்த இடத்துல பக்னர் இருக்கார்?

கத்துக்குட்டி:
குறுக்க வரேன், மன்னிக்கணும். வைல்ட் பிட்ச்னா?

கணக்குப்பிள்ளை:
கேட்சர் பிடிக்க முடியாத அளவுக்குப் பிட்சர் தாறுமாறாப் போடுறது. கிரிக்கெட்ல வைடு போட்டு, கீப்பருக்கும் எட்டாம போய், அதுல ரன் ஓடுவாங்கள்ல, கிட்டத்தட்ட அது.

ஷியா_மேல்தட்டு:
ரெண்டு பேருக்கும் ஒரு மெட்ஸ் ரசிகனோட வணக்கம். யாரால தோத்தாங்கன்னே பேசிட்டிருக்கீங்க, யார் ஜெயிச்சாங்கன்னு பேச ஆள் இல்ல. அந்த வருஷம் லீக்ல 108 ஆட்டம் ஜெயிச்ச டீம் சார் அது! வில்சன் அன்னிக்கு பத்து பந்து நின்னார். ஆகாததை எல்லாம் ஃபவுல் அடிச்சு, அதாவது கோட்டுக்கு வெளியே, தள்ளிட்டே இருந்தார். ஏழாவது பந்து காலுக்கு நேரா வருது, உடம்பை ரெண்டா மடிச்சுக் குதிச்சு விலகினார். அது மேல பட்டிருந்தா அவருக்கு முதல் பேஸ் கிடைச்சிருக்கும், மிட்செல் மூணாவது பேஸ்லயே நின்னிருப்பார். அவர் விலகினதுலதான் 5-5.

இன்னொரு கூத்து. ரெண்டாவது அவுட் ஆன கீத் ஹெர்னாண்டஸ் கதை முடிஞ்சுதுன்னு உள்ள போய் மேனேஜர் (டீமோட தலைமைப் பயிற்சியாளர்) ரூம்ல பீரோட உட்கார்ந்துட்டார். டிவியில பார்த்தா ஹிட் மேல ஹிட். இந்த நாற்காலியில ஏதோ ராசி இருக்குன்னு கடைசி வரைக்கும் எழுந்திரிக்கவே இல்லையாம். அவரே சொல்லிச் சிரிப்பார். நம்ம வீட்ல விக்கெட் விழாதுன்னு பாத்ரூம் போகாம உட்கார்ந்திருப்போமே, அதேதான்.

சீமைக்கருவேலம்:
நாற்காலி ராசி, 1918-க்கு அப்புறம் 2004 வரைக்கும் பாஸ்டனுக்குக் கோப்பையே இல்லாத சாபம், நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை யாங்கீஸ் டீமுக்கு வித்த பாவம்... இதெல்லாம் எனக்கு வேண்டாம். 5-5னே வச்சுக்கோங்க. அந்தப் பந்தைப் பிடிச்சிருந்தா பதினொண்ணாவது இன்னிங்ஸ். விட்டதால தோல்வி. தப்பு தப்புதானே? அதோட அன்னிக்கு அவர் பேட்டிங் அஞ்சு தடவை, ஒரு ஹிட் கூட இல்ல. அதை ஏன் யாரும் பேசறதில்ல?

கணக்குப்பிள்ளை:
இது நியாயமான கேள்வி. ஆனா பதிலும் அங்கேயே இருக்கு. வயசு 36, ரெண்டு கணுக்காலும் போன மனுஷன், அன்னிக்கு பேட்டும் ஓடல. பத்தாவது இன்னிங்ஸ்ல அவரை ஏன் நிறுத்தணும்? அந்தத் தொடர்ல பாஸ்டன் ஜெயிச்ச மூணு ஆட்டத்துலயும் கடைசி நேரத்துல மேனேஜர் ஜான் மக்நமாரா அவரை உட்கார வச்சுட்டு டேவ் ஸ்டேப்பிள்டனை இறக்கினார். இந்த ஒரு ராத்திரி மட்டும் இறக்கல. கடைசிப் பந்து விழும்போது பக்னரும் மைதானத்துல இருக்கட்டுமேன்னு நினைச்சாருன்னு ஒரு பேச்சு உண்டு. மக்நமாரா அதை ஒத்துக்கல, என்கிட்ட இருந்ததுலயே நல்ல முதல் பேஸ்மேன் அவர்தான்னு சாதிச்சார். அப்படின்னா முந்தின மூணு ஆட்டத்துல எதுக்கு மாத்தினீங்க?

பாஸ்டன் பிட்சர் ரோஜர் கிளெமன்ஸ் விஷயமும் இதே கதைதான். ஏழு இன்னிங்ஸ் போட்டு 3-2 முன்னிலையில வெளியே வந்தார். கையில கொப்புளம், அவரே போதும்னார்னு மேனேஜர் சொன்னார். நான் சொல்லவே இல்லைன்னு கிளெமன்ஸ் சொன்னார். எட்டாவது இன்னிங்ஸ்லயே 3-3.

சீமைக்கருவேலம்:
ஸ்டேப்பிள்டன் விஷயம் எனக்குத் தெரியாது. சரி, அது மேனேஜர் தலையிலதான் விழணும். ஆனா பாஸ்டன்காரங்க அவரைக் காலமெல்லாம் வதைச்சாங்கங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். 1990-ல அவர் திரும்பி வந்தப்பவே பாஸ்டனோட சொந்த மைதானம் ஃபென்வே பார்க்ல எழுந்து நின்னு கை தட்டினாங்க. அந்த ஏப்ரல்லயே, 40 வயசுல, அதே கணுக்காலோட ஒரு இன்சைட்-த-பார்க் ஹோம் ரன் ஓடினார், தெரியுமா? பந்து மைதானத்துக்குள்ளயே கிடக்க, நாலு பேஸும் ஓடி முடிச்சார்! அதுதான் அவரோட கடைசி ஹோம் ரன்.

ஷியா_மேல்தட்டு:
அது அருமையான ஓட்டம். ஆனா 1993-ல குடும்பத்தோட பாஸ்டன் பக்கத்தை விட்டே கிளம்பி ஐடஹோ மாநிலத்துக்குப் போயிட்டார். கை தட்டுறவங்க ஒரு நாள் தட்டுவாங்க, கிண்டல் பண்றவன் தினமும் பண்ணுவான்.

ஸ்கார்பரோ_தம்பி:
நான் டொரன்டோவில இருந்து எழுதுறன். இந்தக் கதை எங்களுக்கு இப்பதான் நடந்தது போல. 2025 நவம்பர் 1, எங்கட புளூ ஜேஸ் டீமுக்கு டாட்ஜர்ஸோட வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ் கீழ்ப்பாதி, 4-4, மூண்டு பேஸிலயும் எங்கட ஆக்கள், ஒரு அவுட். ஒரு ரன் எண்டால் 1993-க்குப் பிறகு முதல் கோப்பை. எங்கட வார்ஷோ தரையில அடிச்ச பந்தை டாட்ஜர்ஸ் ரோஹாஸ் தடுமாறிப் பிடிச்சு எறிய, மூண்டாவது பேஸில நிண்ட எங்கட கைனர்-ஃபலேஃபா சறுக்கி வாறார், அவையின்ர கேட்சர் ஸ்மித்தின்ர கால் ஒருக்கா ரன் முடியிற இடமான பிளேட்டை விட்டு எழும்பித் திரும்பப் படுது. அவுட். பதினொராவதில 5-4 எண்டு தோல்வி. அண்டு இரவே எல்லாரும் கைனர்-ஃபலேஃபாவைப் பிடிச்சு ஏசத் தொடங்கிட்டினம், ஏன் மூண்டாவது பேஸோட ஒட்டிக்கொண்டு நிண்டவர் எண்டு. பயிற்சியாளர்மார் அப்பிடித்தான் நிக்கச் சொன்னவையாம். நானும் ஏசினனான், பொய் சொல்லேலாது.

கத்துக்குட்டி:
இதே 1986 ஏப்ரல்ல ஷார்ஜாவுல கடைசி பந்துல மியான்டட் சிக்ஸ் அடிச்சார். எங்க அப்பா இன்னிக்கும் சேத்தன் சர்மாவைத் திட்டுவார். அடுத்த வருஷமே உலகக் கோப்பையோட முதல் ஹாட்ரிக்கை எடுத்தவர் அதே சேத்தன் சர்மாதான். அதைச் சொன்னா, "அது கிடக்கட்டும், அந்த ஃபுல்டாஸ்..."னு ஆரம்பிச்சுடுவார்.

கணக்குப்பிள்ளை:
பக்னர் கணக்கும் அப்படித்தான். 2,715 ஹிட், 1980-ல நேஷனல் லீக் பேட்டிங் முதலிடம். யாருக்கு ஞாபகம்? இன்னொண்ணு, ஆறாவதுல தோத்தப்புறம் தொடர் 3-3தான். ஏழாவதுலயும் பாஸ்டன் 3-0 முன்னிலை எடுத்து 8-5ல தோத்தது. அதுக்கும் பக்னரா?

சீமைக்கருவேலம்:
சரி ஐயா, விடுங்க. மக்நமாராவுக்கு பாதி, ஷிரால்டிக்கு கால், ஸ்டான்லிக்கு மிச்சத்துல பெரும்பங்கு. பக்னருக்கு கொஞ்சமாவது வச்சுக்குவேன், கொசுறு மாதிரி.

ஷியா_மேல்தட்டு:
பாஸ்டன் கேட்சர் கெட்மனை விட்டுட்டீங்களே. அந்த ஏழாவது பந்து வைல்ட் பிட்சே இல்ல, அவர் கையுறையை மட்டும் நீட்டாம உடம்பை நகர்த்தியிருந்தா தடுத்திருக்கலாம்னு சொல்றவங்களும் உண்டு.

சீமைக்கருவேலம்:
இருங்க. அந்த ஒரு பந்தை மட்டும் மெதுவா ஓட்டிப் பார்த்துட்டு வரேன்.