புகார் அலுவலர் யார் என்று கேட்ட நாள்

வேப்பம்பூ (கோவை):

வேலை செய்யும் இடத்தில் நமக்கு நடந்ததை இந்தக் குழுவில் எழுதலாம் என்று பேசிக்கொண்டோம். யாரும் தொடங்காததால் நானே தொடங்குகிறேன்.

நான் திருநங்கை. 2022-ல் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். நேர்காணலிலேயே எல்லாம் சொல்லிவிட்டேன். படிப்புச் சான்றிதழ்களில் பழைய பெயர்தான் இருந்தது, அது ஹெச்.ஆரில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஆனால் நான்காவது வாரம் கேன்டீனில் டீ ஊற்றும் அண்ணன் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அதற்கு அப்புறம் கழிப்பறைப் பிரச்சினை. "ரெண்டு பேர் சங்கடப்படுறாங்க, நீங்க கீழே செக்யூரிட்டி ரூம் பக்கத்துல இருக்கிறதுக்குப் போங்க" என்றார்கள். என் இருக்கை மூன்றாவது மாடியில். கீழே இருந்ததற்குத் தாழ்ப்பாளே கிடையாது. காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு மாலை ஆறு மணி வரை இருப்பேன். இரண்டு மாதத்தில் நீர்க்கடுப்பு வந்து, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். என்னைக் கேவலமாகப் பேசியவர்களைக்கூட மறந்துவிடுவேன். அந்தத் தாகத்தை மறக்க முடியவில்லை.

தோழி ஒருத்திதான் திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை அச்செடுத்துத் தந்தாள். 2019-ல் நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு என எதிலும் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது பிரிவு 9. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது பிரிவு 11. ஹெச்.ஆர். மேலாளரிடம் கொண்டுபோய் வைத்தேன். "இதெல்லாம் கவர்மென்ட் ஆபீசுக்கும்மா" என்றார். நிறுவனம் என்றால் என்ன என்று சொல்லும் பகுதியை எடுத்துக் காட்டினேன். கம்பெனியும் அதில் வருகிறது. "சரிங்க சார், நம்ம கம்பெனியில புகார் அலுவலர் யாருங்க சார்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் என் குரல் நடுங்காமல் பேசினேன்.

அடுத்த வாரமே கொள்முதல் பிரிவில் இருந்த ஒரு மூத்த அக்காவைப் புகார் அலுவலராகப் போட்டார்கள். புகார் வந்த 15 நாளுக்குள் விசாரிக்க வேண்டும் என்று 2020-ல் வந்த விதிகளில் இருக்கிறது. ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைக்க வேண்டும், எந்தப் பாலினத்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை வேண்டும் என்பதையெல்லாம் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையில் எழுத வேண்டும் என்றும் இருக்கிறது. அக்கா அந்த விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது மாடிக் கழிப்பறை எனக்குத் திறந்தது. பெயரை வெளியே விட்டவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சங்கடப்பட்ட இருவரில் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மலைக்கோட்டை (திருச்சி):

நான் திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவன். கணக்கு வாத்தியார். ஒரு தனியார் பள்ளியில் டெமோ வகுப்பு எடுத்தேன். பிள்ளைகள் எழுந்து வந்து சந்தேகம் கேட்டார்கள். முதல்வர் சம்பளம்கூடப் பேசிவிட்டார். சான்றிதழ்களைப் பார்த்த பிறகு, "பெற்றோர் கேட்டா நாங்க என்ன சார் பதில் சொல்றது?" என்றார். அத்தோடு சரி. எழுத்தில் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2025 அக்டோபரில் ஜேன் கௌசிக் வழக்கின் தீர்ப்பைப் படித்தபோது அந்த முதல்வரின் அறை கண்முன் வந்தது. ஜேன் கௌசிக்கும் என்னைப் போல ஆசிரியர், திருநங்கை. உத்தரப் பிரதேசத்தில் ஒரு பள்ளியும் குஜராத்தில் ஒரு பள்ளியும் அவருக்கு வேலையில்லாமல் செய்தன. உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் அரசுகள் அதை நடைமுறைப்படுத்தாமல் இருந்ததை நீதிமன்றம் கண்டித்தது. வேலை மறுத்தால் இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் நேராக எதுவும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கும்வரை முதல்வர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

ரயில்பூச்சி (சென்னை):

படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமும் ஏக்கமும் சேர்ந்து வருகிறது. நான் 'கே', அதாவது ஆண்களை விரும்பும் ஆண். உங்களுக்கு எடுத்துக் காட்ட ஒரு பிரிவாவது இருக்கிறது.

என் போனில் இருந்த ஒரு படத்தை டீம் லீடர் பார்த்துவிட்டார். நானும் என் துணைவனும் மகாபலிபுரத்தில் எடுத்துக்கொண்ட சாதாரணப் படம், தோளில் கை போட்டிருப்போம், அவ்வளவுதான். அதுவரை நல்ல ரேட்டிங் வாங்கியவன், அடுத்த காலாண்டிலேயே 'திறன் போதவில்லை' ஆனேன். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் ஒழுங்காக வரும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். பொறுமையாக விளக்கினார். ஒருபால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு 2018 செப்டம்பர் 6-ல் வந்த பிறகு நாம் குற்றவாளிகள் இல்லை. பாலின ஈர்ப்பை வைத்து அரசு பாகுபாடு காட்டினால் அரசியலமைப்பை வைத்துக் கேட்கலாம். உத்தரப் பிரதேசத்தில் ஒரு ஊர்க்காவல் படை வீரரை இந்தக் காரணத்துக்காக நீக்கினார்கள், 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. "ஆனா உங்களது பிரைவேட் கம்பெனி தம்பி. ஈர்ப்புன்னு பேர் சொல்லித் தடுக்கிற சட்டம் அங்க இல்லை" என்றார். பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டமும் பெண்கள் புகார் கொடுக்க மட்டும்தான். பீஸ்கூட வாங்காமல் அனுப்பினார்.

கடல்காகம் (சிங்கப்பூர்):

இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதைதான் தம்பி. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் ரத்தானபோது நானும் என் தோழியும் அழுதோம். 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டம் நிறைவேறியது. வயது, இனம், மதம், மொழி, மாற்றுத்திறன் எல்லாம் அதில் இருக்கின்றன. பாலின ஈர்ப்பும் பாலின அடையாளமும் இல்லை. அலுவலகத்தில் என் தோழியை இன்னும் 'ரூம்மேட்' என்றுதான் சொல்கிறேன்.

வேப்பம்பூ (கோவை):

ரயில்பூச்சி, அந்த ரேட்டிங் மெயில்கள் இருக்கின்றனவா? ராஜினாமாவுக்கு முன்னால் வந்ததையும் பின்னால் வந்ததையும் தேதியோடு எடுத்து வையுங்கள். வக்கீலம்மாவின் எண் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். மலைக்கோட்டை சாருக்காகவும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன்.