ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இங்கிலீஷ்: மேடம் திருப்பித் திருப்பி அனுப்புகிறார், உதவுங்கள் (அவசரம்)

மணக்குடிக்காயல்:
எல்லோருக்கும் வணக்கம். என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை கைட் மேடம் மறுபடியும் திருப்பிவிட்டார். முதல் பக்கத்தில் "இங்கிலீஷ் சரியில்லை, திருத்திக் கொண்டு வா" என்று மட்டும் எழுதியிருக்கிறார். உள்ளே அங்கங்கே சிவப்பு வட்டம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம் நான். வெள்ளிக்கிழமை பைண்டிங்குக்குக் கொடுத்தாக வேண்டும். சீக்கிரம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வழி சொல்லுங்கள். நல்ல ஆப் இருந்தாலும் சரி.

தோவாளைப்பிச்சி:
எந்தப் பாடம்? பி.எஸ்சி.யா, எம்.எஸ்சி.யா? எதைப் பற்றிய ஆய்வு? அதைவிட முக்கியம், வட்டம் எதைச் சுற்றிப் போட்டிருக்கிறது? அது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ரப்பர்பால்:
தம்பி, தினமும் காலையில் ஆங்கில நாளிதழ் தலையங்கத்தைச் சத்தம் போட்டு வாசி. பேங்க் பரீட்சைக்கு நான் அப்படித்தான் தயாரானேன். பழக்கம் வந்துவிட்டால் இங்கிலீஷ் தானாக வரும்.

நாஞ்சில்வாத்தியார்:
இதே கேள்வி வருடா வருடம் மார்ச் மாதம் வந்துவிடும். மேலே தேடும் பெட்டி ஒன்று இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்கூட கை நுழையாது, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழியா நுழையப் போகிறது? ஆறாம் வகுப்பு டென்ஸிலிருந்து தொடங்குங்கள்.

குளச்சல்சாளை:
சார், பிள்ளை ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறது. ஏஐயிடம் கொடுத்தால் ரெண்டு நிமிஷ வேலை. முழுதையும் கொட்டி "திருத்து" என்று சொல், முடிந்தது.

தோவாளைப்பிச்சி:
முழுதையும் கொட்டாதே. எழுத்துப் பிழை பார்க்க உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வார்த்தையை மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்களை நம்பி அச்சான கட்டுரைகளில் நடந்த கூத்தைக் கேளுங்கள். பிரெஸ்ட் கேன்சர் என்பது "பூஸம் பெரில்" (மார்பு ஆபத்து) ஆகியிருந்தது. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் "கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்" (போலி உணர்வு) ஆகியிருந்தது. பிரான்ஸைச் சேர்ந்த கியோம் கபானாக் குழுவினர் 2021இல் இப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடி வெளியிட்டார்கள். உன் பாடச் சொற்கள் என்னவாகும் என்று யோசித்துக்கொள்.

அடுத்தவர் பத்தியை அப்படியே தூக்கிப் போடுவதும் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்கச் சொல்வார்கள்.

மணக்குடிக்காயல்:
எம்.எஸ்சி. விலங்கியல். பழையாற்றுத் தண்ணீர், கொஞ்சம் மீன்களும் உண்டு. ஸ்டேஷன் 1 பூதப்பாண்டி, 2 சுசீந்திரம், 3 மணக்குடி. பிஎச், உப்புத்தன்மை, டிஸ்ஸால்வ்டு ஆக்சிஜன் (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) மூன்றும் பார்த்தேன். நான் தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.

அதிகம் வட்டம் விழுந்த வாக்கியம் இது. இங்கே தமிழ் எழுத்துதான் விதி என்பதால் அப்படியே போடுகிறேன்:

"பழையாறு ரிவர் விச் இஸ் ஃப்ளோயிங் த்ரூ நாகர்கோவில் டவுன் வாட்டர் சாம்பிள் இஸ் டேக்கன் அண்ட் டிஸ்ஸால்வ்டு ஆக்சிஜன் இஸ் சிக்னிஃபிகன்ட்லி டிக்ரீஸ் இன் ஸ்டேஷன் 2 பிகாஸ் ஆஃப் சீவேஜ்."

இதில் மூன்று "இஸ்", சிக்னிஃபிகன்ட்லி, பிகாஸ், எல்லாவற்றிலும் வட்டம்.

ரப்பர்பால்:
மன்னிச்சுக்கோ தங்கச்சி. தலையங்கம் வாசிப்பது தங்கச்சிகளுக்கும் நல்லதுதான்.

உப்பளத்தான்:
இங்கிலீஷ் கிடக்கட்டும். மணக்குடியில் சாம்பிள் எடுத்தது கடல் ஏற்றத்திலா, வற்றத்திலா? அப்போது பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், திறந்திருந்ததா, மணல் அடைத்துக் கிடந்ததா? அதை எழுதாமல் உப்புத்தன்மைக்கு எண் மட்டும் போட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்? பக்கத்தில் கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறப்போட்டிருந்தால் ஆக்சிஜன் அளவும் அடிவாங்கும்.

தோவாளைப்பிச்சி:
அண்ணாச்சி சொல்வது நியாயம், ஆனால் அது அப்புறம். முதலில் அந்த வாக்கியத்தைப் பார்ப்போம்.

மேடம் வட்டம் போட்டதில் பாதி இங்கிலீஷுக்காக இல்லை. ரிப்போர்ட்டில் நாலு இடத்தில் இருக்க வேண்டிய விஷயத்தை நீ ஒரே வாக்கியத்தில் திணித்திருக்கிறாய். ஆறு நாகர்கோவில் வழியாக ஓடுவது இன்றைக்கும் உண்மை. அது ஸ்டடி ஏரியா பகுதிக்குப் போகட்டும், அங்கே நிகழ்காலம்தான்: "த பழையாறு ஃப்ளோஸ் த்ரூ நாகர்கோவில்." இஸ் ஃப்ளோயிங் வேண்டாம்.

நீ தண்ணீர் எடுத்தது முடிந்துபோன காரியம். மெத்தட்ஸில் இறந்தகாலம்: "வாட்டர் சாம்பிள்ஸ் வேர் கலெக்டட் அட் த்ரீ ஸ்டேஷன்ஸ்." விங்க்ளர் முறையில்தானே பார்த்தாய்? அப்படியானால் அடுத்த வாக்கியம்: "டிஸ்ஸால்வ்டு ஆக்சிஜன் வாஸ் மெஷர்டு பை த விங்க்ளர் மெத்தட்."

கிடைத்த அளவு ரிசல்ட்ஸில் வரும், அதுவும் இறந்தகாலம்: "டிஸ்ஸால்வ்டு ஆக்சிஜன் வாஸ் லோயர் அட் ஸ்டேஷன் 2 தேன் அட் ஸ்டேஷன் 1." கூடவே இரண்டு இடத்து எண்ணையும் போடு. டிக்ரீஸ் என்று எழுதினால் நாள் போகப் போகக் குறைந்தது என்று படிப்பவர் நினைப்பார். நீ இரண்டு இடங்களைத்தான் ஒப்பிடுகிறாய். அட்டவணையைக் காட்டும்போது மட்டும் "டேபிள் 3 ஷோஸ்" என்று நிகழ்காலம், ஏனென்றால் அட்டவணை இப்போதும் தாளில் இருக்கிறது.

சிக்னிஃபிகன்ட்லி என்பது "ரொம்ப" என்ற பொருளில் போடும் சொல் இல்லை. டி-டெஸ்ட், அனோவா மாதிரி ஏதாவது புள்ளியியல் சோதனை செய்து பி மதிப்பு பார்த்திருந்தால் மட்டும் எழுது. செய்தாயா?

கடைசியாக சீவேஜ். சாக்கடை எங்கே கலக்கிறது என்று நீ அளந்தாயா? இல்லையென்றால் அது உன் ஊகம். டிஸ்கஷனுக்குக் கொண்டுபோய் "திஸ் மே பி ட்யூ டு சீவேஜ்" என்று அடக்கமாக எழுது. பிகாஸ் போட்டால் நிரூபித்த மாதிரி ஆகிவிடும்.

நாஞ்சில்வாத்தியார்:
பரவாயில்லை, ஒருவராவது ஒழுங்காகச் சொன்னார். நானும் சேர்க்கிறேன். வாக்கியத்தை எண்ணில் தொடங்கக் கூடாது. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மீன் பெயரைச் சாய்வெழுத்தில் போடவும். கரிமீன் என்றால் முதல் தடவை ஈட்ரோபிளஸ் சுராட்டென்சிஸ் என்று முழுதாக, அடுத்த தடவையிலிருந்து ஈ. சுராட்டென்சிஸ். முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவியல் எழுத்தில் ஐ, வீ என்ற சொற்கள் வரவே கூடாது. முழுக்க பாசிவ் வாய்ஸ்.

குளச்சல்சாளை:
அது அந்தக் காலம் சார். நேச்சர் இதழே ஆக்டிவ் வாய்ஸில் எழுதச் சொல்கிறது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. கட்டமைப்பைப் பற்றி அதில் எழுதிய கட்டுரையின் முதல் சொல்லே "வீ"தான்.

நாஞ்சில்வாத்தியார்:
அவர்கள் நோபல் பரிசு வாங்கியவர்கள். நீங்களும் வாங்கிவிட்டு வீ போட்டு எழுதுங்கள்.

குளச்சல்சாளை:
எழுதும்போது வாங்கியிருக்கவில்லையே சார். பரிசு 1962இல்தான் வந்தது.

நாஞ்சில்வாத்தியார்:
குதர்க்கம் பேச நேரமில்லை.

ரப்பர்பால்:
எதற்கு இங்கிலீஷ்? பழையாற்றைப் பற்றித் தமிழில் எழுதினால் ஆற்றங்கரை ஒழுகினசேரிக்காரனும் படிப்பானே. படித்தால் குப்பையாவது கொட்டாமல் இருப்பான்.

குளச்சல்சாளை:
படித்துவிட்டு அந்தத் தாளையும் ஆற்றில்தான் போடுவான்.

தோவாளைப்பிச்சி:
வீ சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி, மதிப்பெண் போடுவது உன் மேடம். துறை நூலகத்தில் போன வருட ரிப்போர்ட்டுகள் இருக்கும். அவரிடமே செய்த யாராவது ஒருவருடைய மெத்தட்ஸ் பகுதியைப் பார். அதில் பாசிவ் இருந்தால் நீயும் பாசிவ். வாக்கியத்தைக் காப்பியடிக்காதே, அமைப்பை மட்டும் கவனி. டிஸ்கஷனில் எப்படித் தொடங்குவது என்று முட்டிக்கொண்டால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃபிரேஸ்பேங்க் இணையத்தில் இருக்கிறது. ஒப்பிட, காரணம் சொல்ல, குறையைச் சொல்ல என்று பொதுவான வாக்கிய வார்ப்புகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தாண்டால் யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு வேலை செய். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் குறி: நான் செய்தது, நான் கண்டது, நான் நினைப்பது. ஒரே வாக்கியத்தில் ரெண்டு குறி விழுந்தால் உடைத்துவிடு. ஆப் எதுவும் வேண்டாம்.

உப்பளத்தான்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மணக்குடிக்காயல்:
டி-டெஸ்ட் எதுவும் செய்யவில்லை, அதனால் சிக்னிஃபிகன்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வாக்கியங்களை உடைத்ததில் ரெண்டு பக்கம் கூடிவிட்டது. மேடம் வாங்கிக்கொண்டார். பாசிவ்தான் வேண்டுமாம். மணக்குடியில் பொழி எப்படி இருந்தது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. பைண்டிங் கடை மூடிவிடுவான், போகிறேன்.

உப்பளத்தான்:
சரி, திறந்திருந்ததா, அடைத்திருந்ததா?