அம்மாவின் காலில் ஆறாத புண்: நானோ இழைக் கட்டு பற்றித் தெரிந்தவர்கள் உண்டா?

வணக்கம். அம்மாவுக்கு 64 வயது; சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. சித்திரை வெயிலில் கபாலீசுவரர் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் கல் சுட்டதே தெரியவில்லை. கொப்புளம் உடைந்து, சீழ் வைத்து, இது ஏழாவது வாரம். தினமும் காஸ் துணியைப் பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து வருகிறது, பார்க்கப் பொறுக்கவில்லை.

மருந்தேற்றிய நானோ இழைக் கட்டுகளைப் பற்றிப் படித்தேன். பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தில் இழுத்து, சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளை வலைபோலப் படிய வைக்கிறார்கள். அவற்றுக்குள் இருக்கும் ஆன்டிபயாடிக் புண்ணிலேயே மெல்லக் கசிகிறது. ரத்த ஓட்டம் குன்றிய காலுக்கு மாத்திரை மருந்து சரியாகப் போய்ச் சேராது என்பதால் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் எலியோடு நின்றுவிடுகின்றன.

சென்னையில் இதை நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் மருத்துவர் யாரேனும் உண்டா? அம்மாவைச் சேர்க்கக்கூடிய மருத்துவ ஆய்வு ஏதும் நடக்கிறதா? அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ ஐ.ஐ.டி.யிலோ இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நல்லது. மஞ்சள், வேப்பிலை யோசனைகள் வேண்டாம். அத்தை ஏற்கெனவே தடவிப் பார்த்துவிட்டார். மயிலாப்பூரில் இருக்கிறோம், தாம்பரம் தாண்டி என்றாலும் அழைத்துப் போவேன்.